டோக்கியோவில் தக்காளிச் சேவை

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் பூஜி மலையைப் பற்றி எழுதுவார்கள். செர்ரி மலர்களைப் பற்றி எழுதுவார்கள். மின்னல் வேகத்தில் ஓடும் ரயிலைப் பற்றி எழுதுவார்கள். நாங்களோ ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறோம். நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் நாலு நாளாக ரொட்டியும் வாழைப்பழமுமே ஆகாரமாகக் கொண்ட தாயாரை அழைத்துக் கொண்டு அந்நிய தேசத்தில் அலைந்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அம்மா மாமிசம் தொடாதவள், முட்டையும் கூடாது. ஜப்பானில் இது சாமானியமான சங்கடமன்று. அங்கே கறிகாய் மட்டும் மிதக்கும் சாற்றிலும் மீன் ஒளிந்திருக்கும். உலர்த்திய மீனை மரச் சீவல் போல் சீவி, கடற்பாசியுடன் வெந்நீரில் இட்டு இறக்கிய சாறுதான் அவர்கள் சமையலுக்கு அஸ்திவாரம். நம் வீட்டில் பெருங்காயம் போல, அது எதில் இருக்கிறது என்று கேட்பதைவிட எதில் இல்லை என்று கேட்பதே சுலபம். டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் தம்பியின் வீட்டில் இரவு வேளைக்குச் சாதமும் ரசமும் கிடைத்தன என்பது வாஸ்தவம். ஆனால் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டால் அம்மாவின் பகல் வேளை பட்டினிதான். "எனக்குப் பசியே இல்லை" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எங்கள் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நிப்போரி ஸ்டேஷனில் இறங்கி, யானகா என்ற பழைய பேட்டைக்குப் போனோம். 1923-ம் வருஷத்துப் பூகம்பத் தீயிலும், 1945-ல் பொழிந்த குண்டு மழையிலும் டோக்கியோவின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. யானகாவின் சந்துகளில் பல தப்பிப் பிழைத்தன. கோயில்களும், மர வீடுகளும், மதில்மேல் தூங்கும் பூனைகளும் இன்றும் அங்கே உண்டு. அந்தச் சந்துகளில் ஒன்றில்தான், எங்கள் ஏழு வயதுப் பையன் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டான்.

பெட்டிக்குள் வரிசையாகப் பலகாரங்கள். சாதத்தின்மேல் முட்டை அடையைப் போர்த்த 'ஓமுரைசு', பச்சை நிறச் சோடாவில் மிதக்கும் ஐஸ்கிரீம், அந்தரத்தில் நிற்கும் முள்கரண்டியில் சுற்றிய ஸ்பாகெட்டி! எல்லாம் பொம்மை. பாஷை தெரியாதவனும் விரலைக் காட்டிச் சாப்பாடு கேட்கலாம். முன்னாளில் மெழுகினால் இவற்றைச் செய்தார்கள். இவாசாகி தகிஸோ என்பவர் 1932-ல் ஒஸாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார்.

"இது கிஸ்ஸாத்தென்; உள்ளே போகலாம்" என்றான் தம்பி. கிஸ்ஸாத்தென் என்றால் தேநீர் பருகும் கடை என்று அர்த்தம். பெயரில் தேநீர் இருந்தாலும் பெருமை காபிக்குத்தான். டோக்கியோவில் உவேனோ பக்கத்தில் 1888-ல் தேய் எய்கெய் என்பவர் முதல் காபிக் கடையைத் திறந்தார். பத்திரிகைகளும் புஸ்தகங்களும் பில்லியர்ட்ஸ் மேஜையும் வைத்து, ஜனங்கள் சாவகாசமாக இருந்து பேசிப் போகட்டும் என்று நினைத்தார். பாவம், சில வருஷங்களில் கடை மூழ்கிப் போயிற்று. ஆனால் அவருடைய எண்ணம் மூழ்கவில்லை.

கதவைத் திறந்ததும் மணி கிணுகிணுத்தது. ஆறு மேஜைகள், தேய்ந்த சிவப்பு வெல்வெட் ஆசனங்கள், சுவரில் ஒரு பழைய கடிகாரம். கிழவர் ஒருவர் துணிப் பையில் காபித் தூளை இட்டு, மெல்லிய தாரையாக வெந்நீர் ஊற்றிக் கொண்டிருந்தார். "நம் வீட்டில் பில்டர் வருவதற்கு முன் உன் பாட்டி இப்படித்தான் துணியில் வடிகட்டுவாள்" என்றாள் அம்மா. நாலு நாளில் அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

கிழவரின் மனைவி குளிர்ந்த ஜலமும், கை துடைக்கச் சூடான ஈரத் துண்டும் கொண்டு வந்து வைத்தாள். தம்பி சாப்பாட்டு ஜாபிதாவைப் படித்தான். முதலில் வந்தது 'கரே ரைசு'. நம் கறிதான் அது! தமிழ்ச் சொல் ஆங்கிலேயன் வாயில் நுழைந்து, கப்பலேறி, ஜப்பானை அடைந்திருக்கிறது. 1872-லேயே ஜப்பானியப் பாக சாஸ்திரப் புஸ்தகங்களில் அதன் செய்முறை அச்சாகிவிட்டது.

இந்தக் கறிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1912-ல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். பிரிட்டிஷ் சர்க்காரின் நெருக்கடியால் அவரை வெளியேற்ற உத்தரவு பிறந்தது. அப்போது ஷிஞ்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடை வைத்திருந்த ஸோமா தம்பதிகள், முன்பின் அறியாத அவரைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறிட்டார்கள். 1918-ல் அவர்கள் புதல்வி டோஷிகோ அவரை மணந்தாள். 1925-ல் இளவயதிலேயே காலமானாள். 1927-ல் அந்த ரொட்டிக் கடையில் கிஸ்ஸாப் பகுதி திறந்தபோது, போஸ் சொல்லிக் கொடுத்த இந்தியக் கறி பரிமாறப்பட்டது. இன்றும் பரிமாறுகிறார்கள். தேசம் விட்டு ஓடி வந்தவனுக்கு ஒரு கடைக்காரர் வீட்டு அடுக்களை அடைக்கலம் கொடுத்தது என்பதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

ஆனால் சரித்திரம் பசியை ஆற்றுமா? கறியில் மாட்டு மாமிசம். ஸாண்ட்விச்சில் முட்டை. ஸ்பாகெட்டியில் பன்றித் தொடை. நம் பாஷைச் சொல்லே நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தும், அம்மாவுக்கு அதில் ஒரு பருக்கை கூட இல்லை!

"எனக்குப் பசியே இல்லை" என்று ஆரம்பித்தாள் அம்மா.

தம்பி எழுந்து போய்க் கிழவியிடம் நெடுநேரம் பேசினான். அவள் மிகுந்த கவனத்துடன் கேட்டாள். ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். மீன் இல்லை, மாமிசம் இல்லை, முட்டை இல்லை. பால்? ஆகும். வெண்ணெய்? ஆகும். வெங்காயம்? ஆகும். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள்.

வந்தது 'நபோரிதான்'. பெயர் இத்தாலியப் பட்டணத்தினுடையது, பண்டம் ஜப்பானுடையது. யுத்தம் முடிந்த பிறகு யோகோஹாமாவில் நியூ கிராண்ட் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் இரியே ஷிகெதாதா இதை உண்டாக்கினார் என்பார்கள். தெருக் கடைகளுக்கு இறங்கி வந்தபோது தக்காளிக் கெச்சப் அதில் சேர்ந்துகொண்டது. எங்கள் கிழவி பன்றித் தொடையை நீக்கி, வேறு வாணலி வைத்து, வெண்ணெயில் வெங்காயமும் குடைமிளகாயும் காளானும் வதக்கிப் பிரட்டியிருந்தாள்.

அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாங்கள் மூச்சை அடக்கிக் கொண்டிருந்தோம்.

"ஏண்டாப்பா, இது நம் சேவை அல்லவா? தக்காளிச் சேவை! கொஞ்சம் மிளகாய் போட்டிருக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு தட்டுக் காலியாகும் வரையில் பேசவில்லை.

பையனுக்கு ஒரு கிண்ணம் சாதத்தைக் கவிழ்த்து, உச்சியில் காகிதக் கொடி ஒன்றைக் குத்தி அனுப்பினார் கிழவர். 1930-ல் டோக்கியோவில் மித்ஸுகோஷி என்ற பெரிய கடையின் போஜன சாலை குழந்தைகளுக்கென்று தனிச் சாப்பாடு ஏற்படுத்தி, சாத மலைமேல் கொடி நாட்டியது. அந்த வழக்கம் இன்னும் நிற்கிறது. பையன் கொடியைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேத்திகள். சாப்பிடுமுன் ஐவரும் கை கூப்பி, "இததாகிமாஸ்" என்றார்கள். பணிந்து பெற்றுக்கொள்கிறோம் என்று அதற்குப் பொருள். "இவர்களும் பரிசேஷணம் பண்ணுகிறார்களே!" என்றாள் அம்மா. ஜன்னலோரத்தில் ஒருவர் ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு, நாங்கள் வந்தது முதல் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். அவரை யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. நம் ஊர் ஹோட்டல்களில் இலையின் பின்னால் அடுத்தவர் வந்து நின்று நாம் மோர் சாதத்துக்கு வந்துவிட்டோமா என்று கண்காணிப்பாரே, அந்தக் கவலை இங்கே கிடையாது. எங்களுக்குப் பால் கலந்த காபி வந்தது. மறுபடியும் ஜலம் வந்தது. பில் மட்டும், நாங்களாகக் கேட்கும் வரையில், வரவேயில்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம்.

புறப்படும் சமயம் அம்மா, "இந்தக் கடையை உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்று தம்பி மூலம் கேட்டாள். கிழவி சிரித்தாள். மகன் ஒஸாகாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம். கிழவருக்கு முழங்கால் வலி. இந்த வருஷக் கடைசியோடு கதவைச் சாத்திவிடுவதாக உத்தேசமாம்.

இது அந்த ஒரு கடையின் கதையன்று. யுத்த காலத்தில் நின்ற காபி இறக்குமதி 1950-ல் மீண்டும் தொடங்கியதும் கிஸ்ஸாத்தென்கள் பெருகி, 1981-ல் ஜப்பான் முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தன. இப்போது அதில் பாதி கூட இல்லை. நின்றபடியே வாங்கிக் குடித்துக்கொண்டு ஓடும் காபிக் கடைகள் மலிந்துவிட்டன. அங்கே காபி கிடைக்கும். சில இடங்களில் இதைவிட நல்ல காபியே கிடைக்கும். ஆனால், "பாட்டியம்மாளுக்கு எது ஆகும், எது ஆகாது?" என்று விரல் மடக்கிக் கேட்பார்களா?

வெளியே வந்து பில்லைப் பார்த்த தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அம்மாவின் தட்டுக்கு நேரே ஐம்பது யென் குறைத்திருந்தது. பன்றித் தொடை போடவில்லை அல்லவா, அதற்காம்! தனி வாணலி வைத்துச் சமைத்த சிரமத்துக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

அம்மா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதற்குப் பெயர்தான் சேவை" என்றாள்.

டோக்கியோவுக்குப் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வானளாவிய கோபுரங்கள் எங்கும் போய்விட மாட்டா. அவற்றை மறுநாள் பார்க்கலாம். சந்து முனையில் பொம்மைப் பலகாரம் வைத்த கண்ணாடிப் பெட்டி தென்பட்டால், அன்றைக்கே உள்ளே போய் உட்காருங்கள். மடியில் கொஞ்சம் மிளகாய்ப் பொடி இருந்தால் இன்னும் விசேஷம்.