மாதம் ஆவணியா, சிங்ஙமா?

மட்டாஞ்சேரியில் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலைந்து மொழிகள் காதில் விழும். செர்ளாயில் கொங்கணி. குஜராத்தி சாலையில் குஜராத்தி. கட்ச்சி மேமன் வீடுகளில் கட்ச்சி. பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் சலவைத் துறையில் தமிழ். எல்லோரையும் இணைப்பது மலையாளம். மொழிபெயர்ப்பில் பிழைக்கும் எனக்கு இது பெருமைக்குரிய ஊர். இந்தப் பெருமைக்கு மருத்துவ மதிப்பும் உண்டா என்று யோசிக்க வைத்தவர் அம்மா.

எழுபத்தாறு வயதில் அவருக்கு லேசான பக்கவாதம். கை மூன்று வாரத்தில் தேறிவிட்டது. நினைவாற்றலைச் சோதிக்க வந்த இளம்பெண் மலையாளத்தில் கேள்வி கேட்டார். இது என்ன மாதம்? அம்மா “ஆவணி” என்றார். தாளில் தவறு என்று விழுந்தது. மலையாளத்தில் அது சிங்ஙம், தமிழில் ஆவணி. இரண்டும் ஒரே மாதம்தான். நான் குறுக்கிட்ட பிறகு மதிப்பெண் திருத்தப்பட்டது. கூட யாரும் இல்லாத முதியவருக்கு யார் குறுக்கிடுவார்கள்?

அதன் பிறகுதான் நரம்பியல் நிபுணர் சுவர்ணா அல்லாடியின் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றி, பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸுக்குச் சென்றவர். 2013இல் அவரது குழு, டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் கண்ட 648 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் தலைகாட்டியது சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாக. எழுத்தறிவே இல்லாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆக, படிப்பு மட்டும் காரணமல்ல. மேலைநாட்டு ஆய்வுகளில் இருமொழியாளர்கள் பெரும்பாலும் குடியேறியவர்கள்; பலன் மொழியாலா, குடிபெயர்ந்த வாழ்க்கையாலா என்று பிரித்தறிவது கடினம். தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் ஹைதராபாத்தில் அந்தக் குழப்பம் குறைவு.

2016இல் பக்கவாத நோயாளிகள் 608 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகும் சிந்தனைத் திறன் குறையாமல் இருந்தவர்கள் இருமொழியாளர்களில் 40.5 சதவீதம், ஒருமொழியாளர்களில் 19.6 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் லாபம் நாக்குக்கு அல்ல. ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுக்கும் மூளையின் கட்டுப்பாட்டுத் திறனுக்கு என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

மட்டாஞ்சேரிக்காரர்கள் உடனே மார்தட்ட வேண்டாம். இரண்டுக்கு மேல் எத்தனை மொழி தெரிந்தாலும் கூடுதல் பலன் இல்லை என்கிறது அதே 2013 கட்டுரை. நோயில்லாதவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறு சில ஆய்வுகளில் இந்தப் பலன் தென்படவும் இல்லை. விவாதம் ஓயவில்லை.

கொச்சியின் சொந்தக் கணக்கு இன்னும் கறாரானது. மனநல மருத்துவர் எஸ். ஷாஜியும் சகாக்களும் இந்த நகரத்தில் 65 வயது கடந்த 1,934 பேரைப் பரிசோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்குச் சுமார் 34 பேருக்கு டிமென்ஷியா. அவர்களில் 54 சதவீதம் அல்சைமர். 39 சதவீதம் மூளை ரத்தக் குழாய்ப் பாதிப்பால் வந்தது. இந்த இரண்டாவது வகையோடு தொடர்புடையதாகத் தெரிந்தது உயர் ரத்த அழுத்தம். பலமொழி பேசும் ஊர் என்பதால் நோய் விலகிப் போய்விடவில்லை. மொழி சில ஆண்டுகள் தவணை வாங்கித் தரலாம். ரத்த அழுத்த மாத்திரையின் வேலையை அது செய்யாது. அம்மா அந்த மாத்திரையை வாரக்கணக்கில் விட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அல்லாடியின் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதிகம் பேசப்படாத ஒரு வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக, படித்தவர், படிக்காதவர் இருவருக்கும் பொருந்தும் மறதிச் சோதனைத் தொகுப்பை உருவாக்கிய குழுவில் அவரும் உண்டு. 2020இல் வெளியான கட்டுரையில் இடம்பெற்ற இந்திய மொழிகள் ஐந்து: இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழ் இல்லை. சோதனையை மொழிபெயர்ப்பது அகராதி வேலை அல்ல. ஆங்கிலச் சோதனையில் ஒரு சொல்லைத் தலைகீழாக எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் அதைக் கேட்க முடியுமா? கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். அப்படி ஒவ்வொரு கேள்விக்கும் இணையைத் தேடி, ஆரோக்கியமான முதியவர்களிடம் சோதித்த பிறகே அந்த மதிப்பெண்ணை நம்பலாம்.

மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் தமிழில் மட்டுமே மனம் திறக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைச் சோதனைக்கு அழைத்துப் போகும்போது, எந்த மொழியில் கேட்பீர்கள் என்று முதலில் விசாரியுங்கள். கேள்வி புரியாததும் நினைவு போனதும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும்.