உத்தரவில் இருப்பது நான்கு வரி

அவமதிப்பு நோட்டீசோடு மறைமலை நகரில் என் ஆபீசுக்கு வருகிறவர்கள் முதலில் கல்யாணக் கதையைத்தான் சொல்வார்கள். எத்தனை சவரன் போட்டார்கள், மாமியார் என்ன சொன்னார், சீமந்தத்துக்கு யார் வரவில்லை என்று ஆரம்பித்து நோட்டீசுக்கு வந்து சேர நேரமாகும். கேட்டுக்கொள்வேன். கேட்காவிட்டால் அடுத்த தெரு வக்கீலிடம் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கதையில் பெரும்பகுதி எதிருரைக்கு உதவாது. அவமதிப்பு மனுவில் விசாரணைக்கு வருவது கல்யாணம் அல்ல, ஒரு உத்தரவு. "ஆர்டர் காப்பி இருக்காப்பா?" என்றால் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவை நீட்டுவார்கள். சர்டிஃபைடு காப்பி கைக்கு வரும்வரை நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

எங்கள் பக்கத்துக் குடும்ப வழக்குகள் பலவும் செங்கல்பட்டில் நடக்கின்றன. அங்கே போட்ட உத்தரவை மீறினாலும், 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். அதனால் கட்சிக்காரர் மின்சார ரயில் ஏறி பாரிமுனைக்கு வந்தாக வேண்டும். நோட்டீசில் நேரில் ஆஜராகச் சொல்லியிருந்தால், வக்கீல் வந்தால் போதாதா என்ற கேள்விக்கே இடமில்லை. நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். முதல் வாய்தாவிலேயே அதைக் கேட்பது நல்லதல்ல என்பது என் கருத்து. ஆளைப் பார்த்த பிறகு நீதிபதியின் குரல் கொஞ்சம் இறங்குவதைக் கவனித்திருக்கிறேன்.

பணம் வராதவருக்கு வேறு வழிகளும் உண்டு. நிறைவேற்று மனு போடலாம். பழைய 125-ஆவது பிரிவின் ஜீவனாம்ச உத்தரவு என்றால் (2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144) பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். குழந்தையை ஆஜர்படுத்த மறுப்பவருக்கு 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில் முதலில் 100 ரூபாய் வரை அபராதம், பிறகு நாளொன்றுக்கு 10 ரூபாய் வரை. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. இத்தனை வழி இருக்க அவமதிப்பு மனு எதற்கு என்பது நோட்டீஸ் வாங்கியவர் தரப்பின் முதல் ஆட்சேபணை. நானும் எழுதுவேன், ஆனால் அதில் முழு பாரத்தையும் போடமாட்டேன். சம்மதத்தின் பேரில் பிறந்த உத்தரவை மீறினால், நிறைவேற்று மனு போட முடியும் என்பதற்காக அவமதிப்பு இல்லாமல் போகாது என்று ராமா நாரங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.

ஆக உத்தரவுக்கே திரும்ப வேண்டும். என்ன செய்யச் சொன்னது, அது இவருக்குத் தெரியுமா, செய்ய முடிந்ததா, முடிந்தும் வேண்டுமென்றே விட்டாரா. ஒரு குழந்தைச் சந்திப்பு உத்தரவை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் முதல், மூன்றாம் ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, தாயின் வீட்டில் தகப்பனிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். நான்கு வரி. தாய் மறைமலை நகரிலிருந்து பொத்தேரிக்கு வீடு மாறியிருக்கிறாள். தகப்பன் பழைய வீட்டு வாசலில் நின்று, பூட்டைப் படமெடுத்து மனுவோடு இணைத்திருக்கிறார். புது விலாசத்தை அவள் சொன்னாளா? சொன்னாள் என்றால் எப்போது, எதில்? வாட்ஸ்அப்பில் என்றால் அந்தச் செய்தி தேதி, நேரத்தோடு, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு தாக்கலாக வேண்டும். இன்னொன்று, "பள்ளி விடுமுறையில் பத்து நாள் அனுப்பவில்லை" என்றும் மனுவில் குற்றச்சாட்டு இருக்கும். உத்தரவில் விடுமுறை பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 2014-ல் சுதீர் வாசுதேவா வழக்கில், நம் சென்னை உயர் நீதிமன்றம் அவமதிப்பு மனுவில் போட்ட கூடுதல் உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூல உத்தரவின் நான்கு எல்லைக்குள்தான் அவமதிப்பு விசாரணை நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அது ஓஎன்ஜிசி ஊழியர்களின் வழக்கு. எனக்கு அதிகம் உதவியிருப்பது குழந்தை வழக்குகளில்.

குழந்தை போகமாட்டேன் என்று அழுகிறது என்பது அடிக்கடி வரும் பதில். உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அதை மட்டும் எழுதி ஒப்பேற்ற முடியாது. குழந்தையைத் தயார் செய்ய என்ன செய்தாய், தகப்பன் வந்தபோது கதவு திறந்திருந்ததா, அந்த ஞாயிறு உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பிப் போனது ஏன் என்றெல்லாம் நீதிபதி கேட்பார். குழந்தைக்கு உண்மையிலேயே சங்கடம் என்றால், உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே அதை மாற்றச் சொல்லி மனு போட்டிருக்க வேண்டும். நோட்டீசுக்கு முந்தைய தேதியில் அப்படி ஒரு மனு இருந்தால் எதிருரையின் பாதி வேலை முடிந்தது. நோட்டீசுக்குப் பிந்தைய தேதி என்றால் அது சாக்காகத்தான் தெரியும்.

பண விஷயத்தில் கேள்வி வேறு. ஃபோர்டு ஆலை 2022-ல் இங்கே உற்பத்தியை நிறுத்தியபோது, சம்பளத்தை நம்பிப் போட்ட ஜீவனாம்ச உத்தரவுகளின் கதி என்ன என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் வந்தது. வேலை போனவருக்குச் சக்தி இல்லை. சக்தி இல்லாமல் கட்டாதது வேண்டுமென்றே மீறியது ஆகாது. 2014-ல் ராம் கிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னதும் இதுதான்: விளைவு தெரிந்தே, மனதறிந்து செய்ததாக இருக்க வேண்டும், தற்செயலாகவோ நல்லெண்ணத்தோடோ நடந்தது அதில் சேராது. ஆனால் ஆலை மூடினால் கணக்குத் தீர்த்த பணம் ஒரு தொகையாக வரும். மனைவி தரப்பு பேங்க் ஸ்டேட்மென்டைக் கேட்கும். பணம் வந்த மாதத்திலேயே தம்பி கணக்குக்குப் போயிருந்தால், வேலையில்லை என்ற வாதம் அங்கேயே படுத்துவிடும். 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் இரு தரப்பும் கொடுத்தாக வேண்டும். மூல வழக்கில் கொடுத்த அந்தப் பத்திரத்தையும் இன்றைய எதிருரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகே நான் கையெழுத்து வாங்குவேன். எதிர்த்தரப்பு வக்கீலும் அப்படித்தான் படிப்பார்.

முழுத்தொகை முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டு என்பேன். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. "பாதி கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா மேடம்?" ஆகாது. மூன்று மாதம் ஐயாயிரமாவது போட்டவனும், முடியாது என்று கையை விரித்தவனும் நீதிபதி கண்ணில் ஒன்றல்ல.

இன்னொரு வகை, "அப்பீல் போட்டாச்சு மேடம், அதான் கட்டல" என்பவர்கள். ஸ்டே இருக்கா? இல்லை. மேல்முறையீடு தாக்கலானதாலேயே உத்தரவு நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை, 5-ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. உத்தரவு தப்பாகவே இருக்கட்டும், ரத்தாகும்வரை அது கட்டுப்படுத்தும்.

சமரசத்தில் கொடுக்கிற உறுதிமொழி இதையெல்லாம்விடக் கவலைக்குரியது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் சமரச மையம் தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மாலையில், களைத்துப்போய், எப்படியாவது முடிந்தால் சரி என்று கையெழுத்துப் போடுகிறார்கள். "மூன்று மாதத்துக்குள் 12 லட்சம் தருவதாகவும், இரண்டாம் கட்ட மனுவில் சம்மதம் தருவதாகவும் இந்த நீதிமன்றத்துக்கு உறுதியளிக்கிறேன்." கடைசி மூன்று வார்த்தைகளை யாரும் படிப்பதில்லை. நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் சட்டத்தின் 2(பி) பிரிவில் அவமதிப்புதான். பரஸ்பர விவாகரத்துக்கான சம்மதத்தை ஆணை வரும்வரை திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படித் திரும்பப் பெறுவது உறுதிமொழியை மீறியதாகுமா என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் யோசிக்க வேண்டி வந்தது. சம்மதத்தை யாரும் கட்டாயப்படுத்திப் பெற முடியாது, ஆனால் உறுதிமொழியை மீறியதற்கான விளைவு தனி என்ற திசையில் அது முடிந்தது. இதைக் கட்சிக்காரருக்குக் கையெழுத்துக்கு முன்னால் விளக்கத்தான் வேண்டும். பின்னால் விளக்கினால் அவர் நம்மைத்தான் முறைப்பார்.

சட்டப்படி தண்டனை ஆறு மாதம் வரை சாதாரணச் சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அதை நம்பித் தெம்பாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2022 ஜூனில் மகனைக் கோடை விடுமுறைக்கு வெளிநாடு கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாத அமெரிக்கவாழ் தகப்பன் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

கடைசியாக மன்னிப்பு. செய்தது சரி என்றும் சொல்லி மன்னிப்பும் கேட்கக் கூடாது என்பது 1950-களிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது. ஆனால் உண்மையான மனதோடு கேட்டால், நிபந்தனையோடு கேட்டதற்காக மட்டும் மன்னிப்பைத் தள்ளக் கூடாது என்று 12-ஆவது பிரிவின் விளக்கம் இடம் விடுகிறது. அந்தச் சந்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. என் பிரமாணப் பத்திரத்தில் முதலில் நடந்தது தேதிவாரியாக வரும், பிறகு இதுவரை கட்டியது, பாக்கியைக் கட்டும் தவணை, அதன்பின் மன்னிப்பு. மனைவியைப் பற்றி ஒரு வரியும் வராது. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் கட்சிக்காரரின் அம்மா மூன்று முறை போன் செய்வார்.

பாக்கி கட்டியதும், அல்லது குழந்தையை அனுப்பத் தொடங்கியதும், பெரும்பாலான மனுக்கள் பதிவு செய்து முடித்துவைக்கப்படுகின்றன. கோர்ட் ஹாலை விட்டு வெளியே வந்ததும் "அவ்வளவுதானே மேடம்?" என்பார்கள். செங்கல்பட்டில் மூல வழக்கின் அடுத்த வாய்தாவை டைரியில் காட்டுவேன். அடுத்த மாதப் பணத்தை மச்சான் கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்பாமல், ஐந்தாம் தேதிக்குள் பேங்க் மூலமாக, எந்த மாதத்துக்கு என்று குறிப்பெழுதி அனுப்பச் சொல்வேன்.