அமிர்தசரஸில் ஒரு சாணைப் பட்டறை

அமிர்தசரஸ் என்றதும் பொற்கோயிலும், 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் குருதி சிந்திய ஜாலியன்வாலா பாகும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. புது தில்லியிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சதாப்தி வண்டியில் சுமார் ஆறு மணி நேரப் பயணம். சங்கத்து அன்பர்கள் பலரும் குடும்பத்துடன் சென்று வந்திருப்பர். அவர்களுள் பெரும்பாலோர் காணாமல் திரும்பியிருக்கக்கூடிய ஓரிடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

கோயிலைச் சூழ்ந்த கடைவீதிகளில் கிருபாண் என்னும் உடைவாள்கள் வரிசையாய்த் தொங்கும். அவற்றிடையே நேராக நிமிர்ந்து நிற்கும் வாள் ஒன்றுண்டு. அதற்குப் பெயர் கண்டா. நம் திருப்பாச்சி அரிவாளுக்கு ஒரு பக்கமே கூர். கண்டாவுக்கோ இரு பக்கமும் கூர். 1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில், ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங் இரும்புப் பாத்திரத்தில் சர்க்கரை கலந்த நீரை இவ்வாளால் கலக்கி, ஐவருக்கு அமிர்தமாக அளித்தார் என்பது சீக்கியர் மரபு. இன்றும் தீட்சை பெறுவோருக்கு அவ்வாறே நடைபெறுகிறது. குருத்வாராக் கொடியில் நடுநாயகமாய் விளங்குவதும் கண்டாவே.

இத்தகைய வாளுக்குக் கூரிடும் பட்டறை ஒன்றைச் சந்து ஒன்றினுள் கண்டேன். முதிய சர்தார்ஜி ஒருவரும், பீகாரிலிருந்து பிழைக்க வந்த இளைஞன் ஒருவனும் அங்கே பணி செய்துகொண்டிருந்தனர். அனுமதி கேட்டு ஓரமாய் நின்றேன். "உட்காருங்கள், பாபுஜி! நின்றால் பொறி பறந்து உடுப்பில் விழும்" என்று பெரியவர் முக்காலியை நகர்த்தினார்.

ஒரு பக்கக் கத்திக்குச் சாணை பிடிக்கும் சரிவுகள் இரண்டு. இருபுறக் கூருடைய வாளுக்கோ நான்கு. நான்கும் நடுவிலுள்ள முகட்டில் சந்திக்க வேண்டும். ஆகவே சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே அளவு குறித்தாக வேண்டும். பட்டையின் நடுவே பிடிமுதல் நுனிவரை ஒரு கோடு. இரு ஓரங்களின் கனத்திலும் இவ்விரண்டு கோடுகள். அவ்விரு கோடுகளுக்கு இடையே ஒரு நாணயத்தின் கனம் எஞ்சும் வரையில்தான் முதலில் தேய்க்கின்றனர். இறுதிக் கூர், உலையில் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்த பின்னரே. முன்னதாகவே ஓரத்தை மெல்லியதாக்கிவிட்டால், தோய்ச்சலின்போது அது நெளியும்; சில வேளை விரிசலும் காணும்.

ஒரு முகத்தை முழுவதும் முடித்துவிட்டு மற்றதற்குச் செல்வதும் இல்லை. இங்கே சற்று, புரட்டி எதிர்ப்புறத்தில் சற்று என்று மாற்றி மாற்றியே தேய்க்கின்றனர். ஒரு பக்கம் மட்டும் இளைத்தால், சூடும் குளிரும் சமமாய்ப் பரவாமல் அலகு வளைந்துவிடும். தோய்ச்சலுக்குப் பின் தேய்க்கும்போது கையுறை அணிவதில்லை. விரலைச் சுட்டவுடன் நீரில் முக்குவதற்காகவே வெறுங்கை. எஃகில் நீல நிறம் படர்ந்தால் சூடு ஏறக்குறைய 300 பாகையை எட்டிவிட்டது என்று பொருள். அவ்விடத்தில் கூரின் உறுதி போயிற்று.

இவற்றினும் அரியது கைப்பழக்கம். நான்கு சரிவுகளில் இரண்டுக்குப் பிடி வலக்கையில். மற்ற இரண்டுக்கு இடக்கையில். வலக்கைப் பழக்கமுள்ளவனுக்கு இடப்பக்கம் எப்போதும் சண்டித்தனம் செய்யும்.

அன்று அவ்விளைஞன் முதன்முறையாக நான்காம் சரிவைத் தானே தேய்க்க நின்றான். பெரியவரின் மகன் லாரி ஓட்டப் போய்விட்டானாம். தூசி நெஞ்சில் இறங்கும் தொழில் என்பதால் அவரும் அவனைத் தடுக்கவில்லை. வாயில் துணி கட்டிய இளைஞன் மூச்சை அடக்கி, பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே சீராய் இழுத்தான். நுனியருகே கை சற்றே அழுந்தியது. முகடு ஒரு நூலளவு விலகிற்று.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. வாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "தேய்ந்ததை ஒட்ட வைக்க இயலாது, மகனே! மற்ற மூன்றையும் இதற்குச் சமமாய்க் குறை. வாள் சற்று மெலியும், ஆயினும் நேராகும்" என்றார். இளைஞன் மறுபடி அளவு குறிக்கத் தொடங்கினான். குரு கண்ட முறை, பீகாரிலிருந்து வந்த கைகளுக்கு இவ்வாறு சென்று சேர்கிறது.

பிழைப்பை நாடி வந்த நாமும் அவ்விளைஞனைப் போன்றோரே. நம் குழந்தைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. பள்ளி மொழி தானாகவே தீட்டப்பெறும். இடக்கைப் பக்கமாகிய தமிழுக்கு நாமே நேரம் ஒதுக்கியாக வேண்டும். ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்கு மக்களைத் தவறாமல் அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

அடுத்த முறை அமிர்தசரஸ் செல்வோர் கடையில் கண்டா ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிடியைக் கண்ணருகே வைத்து, நுனிவரை முகட்டைக் கூர்ந்து நோக்குங்கள். அக்கோடு எங்கும் நெளியாதிருந்தால், சந்துக்குள்ளே யாரோ ஒருவர் இரு கைகளையும் பழக்கியிருக்கிறார் என்று அறியலாம்.