உப்புத்தாளை இங்கே கொடு

பேராண்டி, கோவில்பட்டிக்குப் போய் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவும் வாங்கிவந்து திண்ணையில் பரப்பிவிட்டாய். உன் பூட்டன் வாசித்த ஆர்மோனியப் பெட்டியைப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறாய். உன் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நான் கெடுத்த ஒரு பியானோவின் கதையைக் கேட்டுவிட்டுக் கைவை.

இருபது வயதில் இளையரசனேந்தலை விட்டுச் சென்னைக்குப் போய் ஒரு பாலிஷ் பட்டறையில் சேர்ந்தேன். பழைய பியானோ ஒன்று வந்தது. மூடியில் சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையம், மூலையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான் சேதம். மேஸ்திரி வெளியே போயிருந்தார். அவர் வருவதற்குள் முழுசையும் உரித்துவிடலாமென்று தேய்க்க ஆரம்பித்தேன். பியானோவின் மேனியில் தெரிகிற நல்ல மரம், சாதாரணப் பலகைமேல் ஒட்டிய வினீர் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். ஓரத்தில் அது தேய்ந்து உள்பலகை பல்லைக் காட்டியது. பதறிப்போய் ஸ்பிரிட் துணியை எடுத்துக் கட்டைகளுக்கு மேலே துடைத்தேன். அங்கே பொன்னெழுத்தில் இருந்த கம்பெனிப் பெயர் துணியோடு வந்துவிட்டது. மேஸ்திரி திட்டவில்லை. ஒரு மாதம் அரக்கு ஊறவைக்கிற வேலையை மட்டும் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஒரு மாதத்தில்தான் அரக்கு எனக்குப் பிடிபட்டது. பலாசு, இலந்தை மரங்களில் அப்பிக்கிடக்கும் பூச்சி கக்குகிற பிசின் அது. ஜார்க்கண்டில்தான் அதிகம். அதை ஆராயவென்றே ராஞ்சியில் 1924இல் ஒரு நிலையம் வைத்தார்கள். சுத்தம்செய்து அவல்போலத் தட்டிவருவதால் நம் பக்கம் அவலரக்கு என்று பெயர். தபாலாபீசில் பதிவுத் தபாலுக்கு வைத்த முத்திரையில் இருந்ததும் அதுதான். செங்கோட்டை கிட்டப்பா பாடி, காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்த காலத்து இசைத்தட்டுகளும் அரக்கில் அடித்தவையே. உன் பூட்டனுக்கு அந்தத் தட்டுகள்மேல் பைத்தியம். வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்து 1971 வரை சேர்க்கவில்லை. அவர் பாட்டுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களுக்கு விடியவிடிய வாசித்துக்கொண்டிருந்தார்.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் ஒரு சொட்டு வை. விரலில் பிசுபிசுத்தால் அரக்கு. அதற்கு அசையாமல் தின்னருக்கு இளகினால், 1920களுக்குப் பிறகு பரவிய லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் இந்தக் காலத்துப் பூச்சு, நம் வித்தை அதில் செல்லாது.

அரக்கு என்றால் கவலையே இல்லை. புதுப்பூச்சில் இருக்கும் ஸ்பிரிட் பழையதை இளக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தப்பாய்ப் போய்விட்டால் அதே ஸ்பிரிட்டால் எடுத்துவிடலாம். எதற்கு உரிக்க வேண்டும்?

வெள்ளை வளையம் பூச்சுக்குள் புகுந்த ஈரம். ஸ்பிரிட்டில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால், குழந்தை கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டும் தொடாமலும் ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் நின்றால் போச்சு. பள்ளத்துக்கு அரக்கை உருக்கி விட்டு, ஆறியபின் சமமாகச் சீவு. கீறலுக்குக் காவிப்பொடியை அரக்கில் குழைத்து மெல்லிய தூரிகையால் கோடு மட்டும் தீட்டு. நிறம் மரத்தைவிட ஒரு பிடி வெளிறியே இருக்கட்டும். மேலே அரக்கு ஏறினால் தானே கறுக்கும். முதலிலேயே கறுத்துவிட்டால் வெளுக்க வழியில்லை. கடைசியில் பஞ்சுப் பொட்டலத்தால் அரக்குப் பூச்சு, பொட்டலம் ஒட்டாமலிருக்க ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு.

துருத்திப் பக்கம் பூட்டன் கை பட்டுப்பட்டு மழுங்கிக் கறுத்த இடம் இருக்கிறதே, அதைச் சேதத்தில் சேர்க்காதே.

இப்போது ஐப்பசி அடைமழை. காற்றில் ஈரமிருந்தால் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். ஆடியில் செய்யலாமென்றால் கரிசல் புழுதி அத்தனையும் பெட்டியில்தான் வந்து உட்காரும். தை பிறக்கட்டும், காலை வெயிலில் இரண்டுபேரும் உட்காருவோம். அதுவரை அந்த உப்புத்தாள் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கட்டும், கொண்டா.