ஒரு மதிப்பெண் பாக்கி



போன மாதம் மகளைப் பார்க்க அந்தமான் போய் வந்தோம். எரிமலை பார்க்கப் போகிறேன் என்று பாகாயத்தில் பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பார்த்தது சேற்று எரிமலை. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விடியற்காலை 3 மணிக்கே புறப்பட வேண்டும். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசை கட்டி அனுப்புகிறார்கள். வழி நெடுக ஜாரவா மக்களின் காடு. நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நியாயம்தானே. அப்புறம் வண்டியோடு படகில் ஏறி, பாராடாங் தீவு.

படியேறிப் போனால், வேலிக்குள் சாம்பல் நிறச் சேறு. ஒரு குமிழி மெதுவாக வந்து உடைந்தது. அவ்வளவுதான். "தோல் ஷாப் கழிவுக் குட்டையில பார்க்காததா? இதுக்கா மூணு மணிக்கு எழுப்பினீங்க?" என்றாள் மனைவி. அடியில் மக்கிய பொருள்களிலிருந்து உண்டாகும் வாயு சேற்றை மேலே தள்ளுகிறது. நெருப்புக்கும் பாறைக்குழம்புக்கும் இதில் வேலையில்லை என்று விளக்கினேன். அவள் அதற்குள் இளநீர்க் கடைக்குப் போய்விட்டாள்.

ஆனால் சுண்ணாம்புக் குகை! அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகில் போய், கொஞ்சம் நடக்க வேண்டும். வருஷக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்த கல்விழுது தலைக்கு மேலே தொங்குகிறது, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு. அந்தச் சொட்டு விழும்வரை நின்றேன்.

அசல் எரிமலையான பாரன் தீவு போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். ஆள் வசிக்காத தீவு. அனுமதி வாங்கிக் கப்பலில் போய்த் தூர நின்று பார்ப்பவர்கள் உண்டு, எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பெயரை அங்கே ஒரு பலகையில் பார்த்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது.

1991 அரையாண்டுத் தேர்வு. 'உறங்கும் எரிமலைக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று கேட்டிருந்தேன். என் குறிப்பேட்டில் பாரன் தீவு. நூறு வருஷத்துக்கு மேல் அடங்கிக் கிடந்த மலை அது. ஒரு பையன் மட்டும், 'பாரன் தீவு இப்போது செயல்படும் எரிமலை' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். "சார், ரேடியோவில சொன்னாங்க சார்" என்றான். "நான் எழுதிப் போட்டதை எழுது, ரேடியோவை வீட்டில வை" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் சொன்னதுதான் சரி. அந்த வருஷம்தான் அது மறுபடி வெடித்தது. 2005-லும் 2017-லும்கூடப் பொங்கியது. அடுத்த வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. குறிப்பேட்டைத் திருத்தினேன்; அவனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதற்குள் அவன் படிப்பை நிறுத்திவிட்டு ஆம்பூரில் அப்பாவோடு தோல் பதனிடும் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

பள்ளிகொண்டா பஸ்ஸில் வருவான். ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. பெயரை இங்கே போடவில்லை. அந்த பேட்ச் பிள்ளைகளுக்குத் தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஆம்பூருக்கு நானே பஸ் ஏறி வருகிறேன்.