பாரிஸ் பாத்திரக் கடையில் ஒரு கேள்வி

பாரிஸ் நகருக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் ஈபிள் கோபுரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். கோபுரத்தை நானும் பார்த்தேன். ஆனால், ஊர் திரும்பிய பின்னர் எமது மகளிர் குழுக் கூட்டத்தில் நான் அதிக நேரம் கதைத்தது ஒரு பாத்திரக் கடையைப் பற்றித்தான். அந்தக் கதையையே இங்கு சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எனது பெரியம்மாவின் மகள் பயணச் சீட்டு அனுப்பி என்னை அழைத்திருந்தார். அக்கா வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து, பல நாடுகளைக் கடந்து பிரான்ஸுக்குப் போனவர். போன நாள் முதல் உணவகங்களின் குசினிகளில் பாத்திரம் கழுவுவதுதான் அவரது வேலை. பதினாறு வருடங்கள். அவரது விரல் நுனிகள் எப்போதும் நீரில் ஊறியவை போல வெளுத்துச் சுருங்கியிருக்கும். பாரிஸ் உணவகங்களின் பின்பக்கக் குசினிகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஒரு தலைமுறை அங்கே நிமிர்ந்தது இந்த உழைப்பினாலேயே.

அக்காவின் வீடு லாச்சப்பலுக்கு அருகில். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியைத் தமிழர் கடைத்தெரு என்றே சொல்லலாம். முருங்கைக்காய், ஒடியல் மா, நகைக்கடை, சேலைக்கடை எல்லாம் அங்கே உண்டு. இடியப்ப உரலும் புட்டுக் குழலும் வாங்கலாம். அங்கே அக்கா ராணி மாதிரி நடப்பார். கடைக்காரரோடு பேரம் பேசுவார், பழுதான கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி ஏசுவார்.

ஒருநாள் நான், "அக்கா, நீங்கள் கழுவுகிற பெரிய செம்புச் சட்டிகளை எங்கே விற்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்கெண்டு பழைய கடை ஒண்டு இருக்கு பிள்ளை. எங்கட முதலாளி அங்கதான் வாங்குறவர். நான் வெளியில நிண்டு பார்த்திருக்கிறன். உள்ளுக்குப் போனதில்லை."

"ஏன் போகவில்லை?"

"போய் என்ன செய்யிறது? நாங்கள் கழுவுற ஆக்கள்."

அந்த வார்த்தை எனக்குள் கிடந்து உறுத்தியது. மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். இருவரும் புறப்பட்டோம்.

கார் து நோரில் நிலக்கீழ் ரயில் ஏறினால் ஆறாவது தரிப்பிடம் லே ஆல். இந்த இடத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடக்கம் சந்தை இருந்தது. பாரிஸ் நகரம் முழுவதற்கும் வேண்டிய இறைச்சி, மீன், மரக்கறி எல்லாம் இங்கேதான் வந்து இறங்கின. எமில் சோலா என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1873 இல் இந்தச் சந்தையை வைத்து எழுதிய நாவலுக்கு 'பாரிஸின் வயிறு' என்றே பெயர் வைத்தார். 1969 இல் மொத்தச் சந்தை நகருக்கு வெளியே ரன்ஜிஸ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. இன்று அந்த இடத்தில் பெரிய வணிக வளாகமும் பூங்காவும் இருக்கின்றன. ஆனால், சந்தையை நம்பி வளர்ந்த பாத்திரக் கடைகள் சில அக்கம்பக்கத்து வீதிகளில் இன்னும் நிலைத்து நிற்கின்றன.

அவற்றுள் பெயர் பெற்றது கொக்கிலியேர் வீதி மூலையில் உள்ள 'தெயிலெரன்' என்ற கடை. 1820 இல் தொடங்கப்பட்டது. கடும்பச்சை நிறத்தில் முகப்பு. பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன ஜூலியா சைல்ட் என்ற பெண்மணி, 1948 இல் பாரிஸுக்கு வந்து சமையல் படித்த காலத்தில் இந்தக் கடைக்கு வாடிக்கையாளராக இருந்தவர். அதனால் இன்று உல்லாசப் பயணிகளும் தேடி வருகிறார்கள்.

வாசலில் அக்கா நின்றுவிட்டார். "நீ போய்ப் பார்த்திட்டு வா, நான் நிக்கிறன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2016 இல் பயிற்சி ஒன்றுக்காக எமது குழுப் பெண்கள் நால்வரோடு கொழும்புக்குப் போயிருந்தேன். ஒரு பெரிய கடைத்தொகுதியில் குசினிச் சாமான் விற்கும் பகுதிக்குள் சும்மா பார்க்கப் போனோம். பாதுகாப்பு ஊழியர் ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். ஒரு தாச்சியை எடுத்துப் பார்த்த சகோதரியிடம் விற்பனைப் பெண், "அது விலை கூட" என்றார். நாங்கள் விலையைக் கேட்கவேயில்லை. அந்தச் சகோதரி தாச்சியை வைத்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வரும் வழியெல்லாம் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆகவே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

பளபளப்பான கண்ணாடி அலுமாரிகளை எதிர்பார்த்துப் போனேன். உள்ளே எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடை மாதிரி இருந்தது. ஒடுக்கமான வழிகள். கூரை வரைக்கும் மரத் தட்டுகள். கால் வைத்தால் சத்தமிடும் பலகைத் தரை. அகப்பைகள், கரண்டிகள், வடிகள், கத்திகள் எல்லாம் ஆணியில் தொங்குகின்றன. மேலே வரிசை வரிசையாகச் செம்புச் சட்டிகள். கீழே நிலவறையில் கல்யாண வீட்டுக் கிடாரம் அளவுப் பாத்திரங்கள்.

பொருட்களில் விலை இல்லை, இலக்கம் மாத்திரம் ஒட்டியிருந்தது. "பார்த்தியா, காசுள்ள ஆக்களுக்குத்தான், விலையை மறைச்சு வைச்சிருக்கினம்" என்று அக்கா காதுக்குள் சொன்னார். பிறகுதான் விளங்கியது, தடித்த விலைப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். இலக்கத்தைப் பார்த்து அதில் தேடினால் விலை தெரியும். பிரான்ஸில் பெறுமதி சேர் வரி 20 வீதம். புத்தகத்தில் உள்ள விலையில் அந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது புத்தி என்று அக்கா சொன்னார்.

கடைக்குள் பலவிதமானவர்கள் நின்றார்கள். வெள்ளைச் சட்டையோடு வந்த சமையல்காரர் ஒருவர் அவசரமாகக் கத்தி பார்த்துக்கொண்டிருந்தார். உல்லாசப் பயணிகள் படம் எடுத்தார்கள். வயதான அம்மா ஒருவர் துணிப் பையில் இருந்து ஒரு பழைய சட்டியை எடுத்து வைத்தார். அதற்கு மூடி வேண்டுமாம். விற்பனையாளர் சட்டியின் வாயை அளந்தார். மூன்று மூடிகளை மாறி மாறி வைத்துப் பார்த்து, பொருந்தியதைக் கொடுத்தார். ஒரு மூடிக்காக அவ்வளவு நேரம்.

பின்பு அவர் எங்களிடம் வந்தார். நாங்கள் ஒரு செம்புச் சட்டிக்கு முன்னால் நின்றோம். அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார். அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"என்ன சமைக்கப் போறீங்கள் எண்டு கேக்கிறார்."

அக்கா தட்டுத்தடுமாறி, புளி விட்ட மீன் குழம்பு என்று விளங்கப்படுத்தினார். அவர் சட்டியைக் கவிழ்த்து உட்புறத்தைக் காட்டினார். உள்ளே வெள்ளி நிறத்தில் ஈயம் பூசியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலும் துருத்தியும் நவச்சாரமும் கொண்டு ஈயம் பூசுகிறவர் வீடு வீடாக வருவார் என்று அம்மம்மா சொல்லுவார். செம்பில் நேரே புளி பட்டால் களிம்பு ஏறும், அது உடலுக்குக் கூடாது. ஆனபடியால்தான் ஈயப் பூச்சு. அம்மம்மாவுக்குத் தெரிந்த அதே விடயம் பாரிஸ் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. ஈயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆகவே வெறுஞ்சட்டியை அடுப்பில் விடக்கூடாது. பூச்சுத் தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். செம்பு, துருப்பிடிக்காத உருக்கை விட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். சூடு சட்டி முழுவதும் ஒரே மாதிரிப் பரவும், ஓரிடத்தில் அடிப்பிடிக்காது. நல்ல சமையல்காரர்கள் அதற்காகத்தான் இவ்வளவு காசு கொடுக்கிறார்கள்.

அக்கா சட்டியைக் கையில் வாங்கினார். பாரம் பார்த்தார். பிடி பொருத்திய இடத்தில் உள்ளே தெரிந்த ஆணித் தலைகளை விரலால் தடவினார். பிறகு மளமளவென்று பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கிவிட்டார். பால் எரிந்தால் முதலில் ஒட்டுவது இந்த ஆணித் தலைகளின் ஓரத்தில்தானாம். இரும்புக் கம்பியால் தேய்த்தால் ஈயம் போய்விடுமாம், சுடுநீரில் ஊறவிட்டு மரத் துண்டால் சுரண்ட வேண்டுமாம். விற்பனையாளர் குறுக்கிடாமல் கேட்டார். "எந்தக் குசினியில் வேலை செய்கிறீர்கள்?" என்று விசாரித்தார். அக்கா உணவகத்தின் பெயரைச் சொன்னதும், தெரியும் என்று தலையாட்டினார். அந்தக் கடை பரம்பரையாகக் குசினி வேலையாட்களுக்குச் சாமான் விற்கிற கடை. உல்லாசப் பயணிகளை விட அக்கா அல்லவா அங்கே உரித்தானவர்!

சட்டியின் விலை 200 யூரோவுக்கு மேல். அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய 200 ரூபா. அதாவது 40,000 ரூபா! அக்கா சட்டியை மெதுவாக வைத்தார். விற்பனையாளரின் முகம் மாறவில்லை. நாள்தோறும் புளிக் குழம்பு வைப்பதென்றால் அடி தடித்த உருக்குச் சட்டியே போதும், செம்பு தேவையில்லை என்றார். அக்கா சில யூரோவுக்கு மரத் தட்டகப்பை ஒன்று வாங்கினார். அதையும் கடதாசியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா சொன்னார்: "பதினாறு வருசமா எனக்குச் சட்டி தந்திருக்கினம், கழுவு எண்டு. என்ன சமைக்கப் போறாய் எண்டு இண்டைக்குத்தான் ஒராள் கேட்டது."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு 2010 ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. அப்போது நான் பல்கலைக்கழக மாணவி. மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் நிவாரணப் பொருட்கள் கொடுக்கத் தொண்டராகப் போயிருந்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குசினிப் பொதி. எல்லாம் ஒரே அளவு அலுமினியச் சட்டி. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் அது, எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கும் அது. ஓர் அம்மா கையெழுத்திட்டுவிட்டு, "பிள்ளை, இதுக்கு மூடி இல்லையோ? ஈர விறகு, புகை எல்லாம் சோத்துக்குள்ள போகும்" என்று கேட்டார். நான் பட்டியலைப் பார்த்து, "அம்மா, இதில் உள்ளதுதான் தரலாம்" என்றேன். அவர் பேசாமல் போய்விட்டார்.

மூடி இல்லாவிட்டால் சூடு மேலால் போகும், விறகு கூடச் செலவாகும், நேரம் கூடும். விறகு பொறுக்குவது யார்? நாம்தான். அனர்த்த நிவாரணத்துக்கான 'ஸ்பியர்' கைநூல், ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் சமையல் பாத்திரங்களுக்கு மூடியும் வேண்டும் என்று சொல்கிறது. பின்னாளில் அதை வாசித்தபோது வெட்கப்பட்டேன். அந்த அம்மா கேட்டது சலுகை அல்ல. தன் அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான்தான் கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

சமூகவியலில் 'பயனாளி' என்றும் 'நுகர்வோர்' என்றும் இரு சொற்களைப் படித்தேன். அவற்றின் வேறுபாடு எனக்கு விளங்கியது அந்தக் கடையில்தான். பயனாளிக்குப் பொருள் கொடுக்கப்படுகிறது. நுகர்வோரிடம் விருப்பம் கேட்கப்படுகிறது. போர் எங்களிடமிருந்து வீட்டையும் குசினியையும் எடுத்தது. பிறகு வந்த வரிசைகள், கேட்கும் பழக்கத்தையும் மெல்ல மெல்ல எடுத்துவிட்டன. தருவதை வாங்கி வாங்கி, காசு கொடுத்து வாங்கும் இடத்திலும் கூச்சத்தோடு நிற்கிறோம்.

சகோதரிகளே, பாத்திரம் வாங்கும்போது தயங்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். அடி தடிப்பா என்று தட்டிப் பாருங்கள். பிடியை ஆட்டிப் பாருங்கள். மூடியை வைத்துச் சுற்றிப் பாருங்கள். மண்சட்டியென்றால் விரலால் சுண்டிப் பாருங்கள். வெடிப்பு இல்லாத சட்டி கணீரென்று ஒலிக்கும். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள், அதில் வெட்கம் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விலையை வாடிக்கையாளர் காணும்படி வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

ஊர் திரும்பிய பின்னர் எமது குழுவில் ஐந்து பெண்களுக்குச் சமையல் தொழிலுக்கான பாத்திரம் வாங்கிக் கொடுக்க நிதி வந்தது. முன்பென்றால் நானே மொத்தமாக வாங்கி இறக்கியிருப்பேன். இம்முறை ஒவ்வொருவரிடமும், "என்ன சமைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர் இடியப்பம் என்றார். ஒருவர் கடைகளுக்கு வடை கொடுப்பதாகச் சொன்னார். ஒருவர் ஒடியல் கூழுக்குப் பெரிய பானை வேண்டும் என்றார். காசை அவர்கள் கையிலேயே கொடுத்துச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். மூன்று மணித்தியாலம் எடுத்தது. கடைக்காரர் களைத்துப் போனார். கூழ்ப் பானை வாங்கிய அம்மா மட்டும் விடவில்லை. நாலாவது மூடியும் சரியாக உட்காரவில்லை என்று சொல்லி, ஐந்தாவது மூடியை எடுத்து வரச் செய்தார்.