அடமழையா, அடைமழையா?

பேசும்போது நாம எல்லாருமே "அடமழை"ன்னுதான் சொல்றோம். அடம்பிடிக்கிற மழைன்னு அர்த்தம் சொல்றவங்களும் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சொல் அது இல்லீங்க. எழுத்துல அது அடைமழை. கதவை அடைக்கிறோமே, அந்த 'அடை'. ஆளை வெளியே விடாம வீட்டுக்குள்ள அடைச்சுப் போடுற மழை.

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை"ன்னு பழமொழி ரெண்டையும் பிரிச்சுத்தான் சொல்லுது. கனமழைக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்துல ஏறக்குறைய 7 செ.மீ. பெய்தா வானிலை ஆய்வு மையம் அதைக் கனமழைன்னு சொல்லும். அடைமழைக்கு அப்படி அளவெல்லாம் கிடையாது. நசநசன்னு மூணு நாள் விடாம தூறினாலே போதும்.

எங்க செவிலிமேட்டுப் பக்கம் இந்த வித்தியாசம் நல்லாவே புரியும். பட்டுப் பாவைத் தெருவுல நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, காய வைக்கணும். தூறல் விழுந்தா தெருவுல பாவு போட முடியாது. வீட்டுக்குள்ள குழித்தறிப் பள்ளத்துல ஈரம் ஏறும். கூலியோ புடவைக் கணக்கு. தறி நின்னா கூலியும் நின்னுடும்.

2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்போ ஊரே வேடிக்கை பார்க்கப் போச்சு. சும்மா தூறின நாட்கள்ல நின்னுபோன தறிகளை யாரும் எட்டிப் பார்க்கல.

"என்னண்ணே, நல்ல மழை!"ன்னு பக்கத்து வீட்டுத் தறிக்காரர்கிட்ட சொன்னேன்.

"மழை நல்லதுதான் தம்பி. நம்மள அடைச்சுப் போட்டுடுச்சே"ன்னார்.

இதுக்கு மேல அகராதி எதுக்குங்க?